பிள்ளைகளோடு இருக்கும் காலம்



கொழும்பிலிருந்து பதுளைக்கு வரும் புகைவண்டி தெமோதரையில் மலையைச் சுற்றி வளைந்து, தான் நின்று புறப்பட்ட நிலையத்தின் அடியிலேயே நுழைந்து வெளிவந்து, பின்னர் ஹாலிஎலயைக் கடந்து பதுளையைச் சேர்கின்றது. 1924ஆம் ஆண்டிற் பதுளை வரை திறக்கப்பட்ட அப்பாதையை அண்டி வாழும் தோட்டத்து மக்கள் பலருக்கு, வண்டியின் ஊதலே நெடுங்காலமாகக் கடிகாரமாக இருந்தது. நான் சிறு பிள்ளையாக இருந்தபோது, மாலை வண்டி ஊதினால் அம்மா வரும் நேரம் என்று பொருள். வண்டி பிந்தி வருவது எங்கள் பக்கத்தில் அரிதான செய்தியன்று. அவ்வாறு பிந்திய நாட்களில், அம்மாவும் பிந்திவிட்டார் என்றே நாங்கள் எண்ணி வாசலைப் பார்த்துக்கொண்டிருப்போம்.

இன்று உங்களோடு பேச நான் எடுத்துக்கொண்ட பொருள் மிகச் சிறியது. சின்னஞ்சிறு பிள்ளைகளோடு ஒரு தாய் கழிக்கும் நேரம் என்பதே அது. நான் மருத்துவரல்லள்; உளநூல் கற்றவளும் அல்லள். ஹாலிஎலக்கு அண்மையில் ஒரு தோட்டத்து லயத்திற் பிறந்து, பின்னர் ஆசிரியையாகி, இரண்டு பிள்ளைகளுக்குத் தாயானவள். கிறிஸ்தவக் குடும்பத்தில் வளர்ந்தவளாதலால் வேதாகமத்துத் தாய்மார் சிலரும் என் பேச்சிடையே வருவர். ஆயினும் நான் கூறவிருப்பது எல்லாச் சமயத்துத் தாய்மாருக்கும் பொதுவானதே.

என் தாயார் கொழுந்து பறித்தவர். விடியுமுன் எழுந்து, பீலியில் தண்ணீர் பிடித்து, ரொட்டி தட்டி, தேத்தண்ணீர் ஊற்றி, கைக்குழந்தையான என் தம்பியை இடுப்பிலும் என்னைக் கையிலுமாகக் கொண்டு பிள்ளைக்காம்பராவுக்கு வருவார். அங்கே உத்தரத்தில் வரிசையாகச் சேலைத் தொட்டில்கள் தொங்கும். ஆயா வாசலில் நின்று குழந்தையை வாங்கிக்கொள்வார். அம்மா திரும்பிப் பாராமல் மலைக்கு ஏறிவிடுவார். அவருக்குக் கல்மனம் என்று நான் அக்காலத்தில் நினைத்ததுண்டு. திரும்பிப் பார்த்தாற் பிள்ளை அழும். பிள்ளை அழுதாற் கால் நகராது. கால் நகராவிட்டாற் பேர் விழாது என்பதைப் பின்னரே அறிந்தேன். தோட்டத்திற் பேர் விழுவது என்றால் அன்றைய சம்பளம் கணக்கில் ஏறுவது. பிள்ளைக்குக் காய்ச்சல் என்று நின்றுவிட்ட நாட்களில் அந்தப் பேர் இல்லை. அந்நாட்களில் எங்கள் வீட்டு ரொட்டி சற்று மெலிந்திருக்கும்.

காலையில் ஒருமுறையும் பகலில் ஒருமுறையும் தம்பிக்குப் பால் கொடுக்க அவர் இறங்கி வருவார். கூடையைச் சுவரிற் சாய்த்து வைத்து, பனியில் நனைந்த படங்கை அவிழ்த்துப் போட்டு, பீலியிற் கைகழுவி, குழந்தையை மடியில் எடுத்துக்கொள்வார். கூட வந்த பெண்கள் பலவும் பேசிச் சிரிப்பார்கள். என் தாயாரோ அந்த அரைமணியில் ஒருவரோடும் பேசமாட்டார். குழந்தையின் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். நான் வளர்ந்தபின் ஒருமுறை, ஏன் அப்படி என்று கேட்டேன். "கூடையைக் கீழே வைக்கும் நேரம் அது ஒன்றுதான். அதையும் ஊர்ப்பேச்சுக்குக் கொடுத்துவிட்டால், பிள்ளைக்கு என்ன மிச்சம்?" என்றார்.

நேயர்களே, அந்த அரைமணி நேரம் இரக்கத்தினாற் கிடைப்பதன்று, சட்டத்தினாற் கிடைப்பது. நமது நாட்டின் மகப்பேற்று நன்மைகள் கட்டளைச் சட்டம் 1939ஆம் ஆண்டின் 32ஆம் இலக்கத்தது. பலமுறை திருத்தப்பெற்று வந்துள்ள அச்சட்டத்தின்படி, ஒரு வயதுக்குக் குறைந்த குழந்தைக்குப் பாலூட்டும் தாய்க்கு, ஒன்பது மணி நேரத்துக்குள் இரண்டு பாலூட்டும் இடைவேளைகள் உண்டு. வேலைத்தலத்திற் குழந்தைகளைப் பராமரிக்கும் இடம் இருப்பின் ஒவ்வொன்றும் அரைமணிக்குக் குறையாதிருக்க வேண்டும். இல்லையெனில் ஒரு மணிக்குக் குறையாதிருக்க வேண்டும். நடந்து வீடு சென்று திரும்புவதற்கும் காலம் வேண்டும் என்பதை அச்சட்டம் உணர்ந்திருக்கின்றது. மூன்றாம் குழந்தை முதலாகப் பிரசவ விடுமுறை 84 நாட்களிலிருந்து 42 நாட்களாகக் குறைந்துவிடும் முறையும் முன்னர் இருந்தது. 2018ஆம் ஆண்டுத் திருத்தம் அதனை நீக்கி, எல்லாக் குழந்தைகளுக்கும் 84 நாட்கள் என்று ஆக்கிற்று. மூன்றாவதாகப் பிறந்தமை குழந்தையின் குற்றமாகாது அன்றோ?

சட்டம் நேரத்தைத் தரலாம். அந்த நேரத்தில் மனத்தையும் சேர்த்துக் கொடுப்பது தாயின் கையில் உள்ளது. இதனை நான் கற்றுக்கொண்ட விதத்தைச் சொல்ல வேண்டும். அதைச் சொல்வதற்கு எனக்குச் சிறிது கூச்சமும் உண்டு.

நான் ஆசிரியையானபின் என் தலையிற் கூடையில்லை. பாடசாலை பிற்பகலில் முடிந்துவிடும். என் தாயாரைக் காட்டிலும் எனக்குப் பன்மடங்கு நேரம் இருந்தது. என் இளைய மகனுக்கு எட்டு மாதம் நிறைந்தபோது நான் மீண்டும் வேலைக்குச் செல்லத் தொடங்கினேன். அவனைப் பார்த்துக்கொண்டவர், என்னையும் என் தம்பியையும் பிள்ளைக்காம்பராவில் வளர்த்த அதே ஆயா. அப்போது அவர் வேலையிலிருந்து விலகி வீட்டோடு இருந்தார்.

ஒருநாள் பிற்பகல் நான் மகனை எடுத்துச் செல்ல வந்தேன். கையிலே திருத்த வேண்டிய அப்பியாசக் கொப்பிகள் நிறைந்த பை. ஆயா என்னைப் பார்த்து, "தாயி, பிள்ளையை அந்தச் சுவரோரம் நிறுத்திவிட்டு, நீ இந்தப் பக்கம் வந்து கூப்பிட்டுப் பார்" என்றார். "பிறகு பார்ப்போம் ஆயா, நேரமாகிறது" என்று சொல்லிக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு புறப்பட்டுவிட்டேன். மறுநாளும் அவர் அவ்வாறே கூறினார். நானும் அவ்வாறே விடை கூறினேன். மூன்றாம் நாள் அவர் ஒன்றும் கூறவில்லை. என் தோளிலிருந்த பையைத் தாமே கழற்றி வைத்தார். என்னை முற்றத்தில் உட்காரச் செய்தார். குழந்தையைச் சுவரோரம் நிறுத்திக் கையை விட்டார். அவன் தள்ளாடித் தள்ளாடி நான்கடி வைத்து வந்து என் கழுத்தைக் கட்டிக்கொண்டான். நான் அழுதுவிட்டேன். என் மகன் இன்று நடந்துவிட்டான் என்று வழியிற் கண்டவர்களுக்கெல்லாம் சொல்லிக்கொண்டு வீடு சேர்ந்தேன்.

சில ஆண்டுகள் சென்றன. ஒரு நத்தார் ஆராதனை முடிந்து ஆலய முற்றத்தில் நிற்கும்போது, பழைய கதைகளின் நடுவே ஆயா சிரித்துக்கொண்டே சொன்னார்: "உன் மகன் அதற்கு இரண்டு நாள் முன்னமே நடந்துவிட்டான் தாயி. நீ பார்க்கட்டும் என்றுதான் சொல்லவில்லை. எந்தப் பிள்ளை என் கண்முன்னால் முதலடி வைத்தாலும் நான் தாய்க்குச் சொல்வதில்லை. அது அவள் பார்க்க வேண்டியது. நான் சொல்லிவிட்டால் அவளிடமிருந்து திருடியதாகிவிடும். நீ முதலில் நடந்ததும் என் முன்னால்தான். உன் அம்மாவுக்கும் நான் சொல்லவில்லை."

நான் திகைத்து நின்றேன். ஏனெனில், லயத்து இஸ்தோப்பில் ஒரு மாலைப் பொழுதில் நான் முதன்முதலாகத் தம்மை நோக்கி நடந்து வந்த கதையை என் தாயார் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறார். அதன்பின் அவர் உயிரோடிருந்த காலமெல்லாம் அக்கதையைச் சொல்லி மகிழ்ந்தார். நான் அதைத் திருத்தவில்லை. ஆயா கொடுத்த பரிசை எடுத்துவிட எனக்கு உரிமையில்லை.

ஆனால், எனக்கும் என் தாயாருக்கும் உள்ள வேறுபாட்டை அன்றிரவு எண்ணிப் பார்த்தேன். என் முதலடியை என் தாயாரிடமிருந்து பறித்தது வறுமை. என் மகனுடைய அடிகளை என்னிடமிருந்து எவரும் பறிக்கவில்லை. அந்த இரண்டு நாட்களை நானே கொப்பிகளுக்குக் கொடுத்துவிட்டேன். அந்தக் கொப்பிகளில் என்ன எழுதியிருந்தது என்பது இன்று எனக்கு நினைவில்லை.

நமது தமிழ்ப் புலவர்கள் குழந்தையின் காலத்தை எவ்வளவு நுட்பமாக அளந்தார்கள் என்பதைப் பிள்ளைத்தமிழ் என்னும் இலக்கிய வகை காட்டுகின்றது. மூன்றாம் மாதத்திற் காப்பு, ஐந்தாம் மாதத்திற் செங்கீரை, ஏழாம் மாதத்தில் தால், ஒன்பதாம் மாதத்திற் சப்பாணி, பதினோராம் மாதத்தில் முத்தம் என்று இரண்டிரண்டு மாதங்களாக அவர்கள் பருவம் வகுத்தார்கள். பெரியவர்களின் வாழ்வை ஆண்டுகளால் எண்ணலாம். குழந்தையின் வாழ்வை மாதங்களால் எண்ண வேண்டும் என்பது அவர்கள் கண்ட உண்மை. தலையை நிமிர்த்தி ஆடும் செங்கீரைப் பருவத்தைத் தவறவிட்ட தாய், அடுத்த ஆண்டு அதைக் காணலாம் என்று காத்திருக்க முடியாது. அடுத்த ஆண்டில் அக்குழந்தை நிலவைக் கேட்டு அடம்பிடித்துக்கொண்டிருக்கும்.

ஒரு சிறு கணக்கையும் கூறுகிறேன். நம் நாட்டிற் பிள்ளை ஐந்து வயது நிறைந்தபின் முதலாம் வகுப்பிற் சேர்கின்றது. ஆண்டொன்றுக்கு 52 ஞாயிறு வீதம் எண்ணினால், பிறந்த நாள் முதல் அதுவரை ஏறக்குறைய 260 ஞாயிற்றுக்கிழமைகளே உள்ளன. ஆறு நாட்களும் மலையில் நிற்கும் தாய்க்கு, பகல் முழுவதும் பிள்ளையோடு இருக்கக் கிடைப்பவை பெரும்பாலும் அவைதாம். அவற்றுள்ளும் துணி துவைக்க எத்தனை, விறகு சேர்க்க எத்தனை, சந்தைக்குப் போக எத்தனை என்று கழித்துப் பாருங்கள். பள்ளிக்கூடம் தொடங்கியபின்போ, பாடம், பிரத்தியேக வகுப்பு, ஐந்தாந்தரப் புலமைப்பரிசிற் பரீட்சை என்று பிள்ளையின் நேரத்துக்கும் வேறு பலர் உரிமையாளராகிவிடுகின்றனர்.

வேதாகமத்தில் யாத்திராகமத்தைப் படிப்பவர்கள் மோசேயின் தாயைச் சந்திக்கிறார்கள். அவள் பெயர் யோகெபேத். எபிரெயரின் ஆண் குழந்தைகளைக் கொல்லும்படி எகிப்திய மன்னன் கட்டளையிட்ட காலம் அது. அவள் தன் மகனை மூன்று மாதம் ஒளித்து வைத்து, இனி ஒளிக்க இயலாது என்ற நிலையில், நாணற் பெட்டியில் வைத்து நதியோரத்தில் விடுகிறாள். மன்னனின் மகள் கண்டெடுக்கிறாள். குழந்தைக்குப் பால்கொடுக்க ஒருத்தி வேண்டும். குழந்தையின் அக்காள் ஓடிப்போய் அழைத்து வருவதோ பெற்ற தாயையே! அரசகுமாரியும் அறியாமலே, பெற்ற பிள்ளைக்குப் பால் கொடுப்பதற்காக அத்தாய்க்குக் கூலி கொடுக்கிறாள்.

என் தாயாருக்கு எழுத்து வாசிக்கத் தெரியாது. நான் வாசிக்க அவர் கேட்பார். இந்தப் பகுதி வந்ததும் அவருக்கு அடக்க முடியாத சிரிப்பு வரும். "பிள்ளைக்குப் பால் கொடுத்தாற் பேர் போட்டார்களாமே! நல்ல தோட்டம்" என்பார். அந்தச் சிரிப்பினுள் இருந்த ஏக்கம் அக்காலத்தில் எனக்கு விளங்கவில்லை. யோகெபேத்துக்கும் அந்தக் காலம் நீடிக்கவில்லை. பிள்ளை வளர்ந்ததும் அரண்மனைக்குக் கொடுத்துவிட வேண்டியதாயிற்று. அவளுக்குக் கிடைத்தவை சில ஆண்டுகளே. அரண்மனையில் வளர்ந்தும் மோசே தன் மக்கள் யாரென மறவாதிருந்ததற்கு அந்தச் சில ஆண்டுகளே காரணமாயிருக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

மற்றொரு தாய் அன்னாள். நெடுங்காலம் பிள்ளையின்றி அழுது வேண்டிப் பெற்ற சாமுவேலை, பால் மறந்தபின், நேர்ந்துகொண்டபடி சீலோவிலுள்ள ஆலயத்தில் விட்டுவிடுகிறாள். அதன்பின் ஆண்டுதோறும் பலி செலுத்தச் செல்லும்போது, மகனுக்கு ஒரு சிறு மேலங்கியைத் தைத்து எடுத்துச் செல்கிறாள். அவள் எவ்வாறு அளவெடுத்திருப்பாள் என்று நான் எண்ணுவதுண்டு. அளந்து பார்க்கப் பிள்ளை அருகில் இல்லை. சென்ற ஆண்டு கண்ட உயரத்தை நினைந்து, இவ்வளவு வளர்ந்திருப்பான் என்று மனத்தினால் அளந்துதான் அவள் துணியை வெட்டியிருக்க வேண்டும்.

நேயர்களே, நமது ஊவாத் தோட்டங்களில் இன்றும் அன்னாள்கள் இருக்கிறார்கள். தோட்டச் சம்பளம் போதாமல், மத்திய கிழக்கு நாடுகளுக்கு வீட்டுப் பணிக்குச் சென்ற தாய்மாரைச் சொல்கிறேன். அவர்கள் அனுப்பும் பொதிகளில் உடுப்புகள் வரும். என் வகுப்பில் ஒரு சிறுமி, அம்மா அனுப்பிய புதுச் சட்டையை அணிந்து வந்தாள். தோள் இறுகி, கை ஏறி நின்றது. தாயின் நினைவிலிருந்த மகளுக்கு அது சரியான அளவு. "சிறிதாகிவிட்டதே, அம்மா" என்றேன். "பரவாயில்லை டீச்சர், இன்னும் போடலாம்" என்று சொல்லிக் கையை இழுத்து விட்டுக்கொண்டாள். 2013ஆம் ஆண்டில், ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளைகளையுடைய தாய்மார் வீட்டுப் பணிக்கு வெளிநாடு செல்வதற்கு அரசாங்கம் கட்டுப்பாடு விதித்தது. பொருளாதார நெருக்கடி மிகுந்த 2022இல் அது தளர்த்தப்பட்டது. எது சரி, எது பிழை என்று தீர்ப்புக் கூற நான் வரவில்லை. பிரிந்து போகும் தாயைப் பழிப்பது எளிது. பிரியாமல் இருப்பதற்கு அவளுக்கு வழியொன்று காட்டுவதே கடினம். அந்தக் கடினமான வேலையைச் செய்யாதவர்கள் எளிதான வேலையையும் செய்யாதிருப்பது நன்று.

இதே பதுளை மாவட்டத்தில் 2014ஆம் ஆண்டு ஒக்டோபர் 29ஆந் தேதி காலை, கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியதை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். பாடசாலைக்குச் சென்றிருந்த பிள்ளைகள் சிலர் திரும்பி வந்தபோது வீட்டைக் காணவில்லை, பெற்றோரையும் காணவில்லை. அன்று காலை அந்த வீடுகளிலும் தலை சீவி விட்டிருப்பார்கள். தேத்தண்ணீரைக் குடி குடி என்று அவசரப்படுத்தியிருப்பார்கள். ஒரு சாதாரணமான காலையாகத்தான் அது தொடங்கிற்று. அச்செய்தியைக் கேட்ட நாளிலிருந்து, என் பிள்ளைகளைக் கோபத்தோடு வாசலிலிருந்து அனுப்புவதில்லை என்று ஒரு விரதம் கொண்டேன். பலமுறை தவறியிருக்கிறேன். தவறிய நாட்களிற் பாடசாலை விடும் வரை மனம் அமைதி கொண்டதில்லை.

சுவிசேஷத்தில் யாவரும் அறிந்த காட்சியொன்று உண்டு. சிறு பிள்ளைகளை இயேசுவிடம் கொண்டுவருகிறார்கள். சீடர்கள் அதட்டுகிறார்கள். இயேசு சீடர்கள்மீது சினங்கொள்கிறார். பிள்ளைகளை அணைத்து, அவர்கள்மேற் கைகளை வைத்து ஆசீர்வதிக்கிறார். மாற்கு எழுதிய வரிசையைக் கவனித்தால், அவர் அப்போது எருசலேமை நோக்கிச் செல்லும் வழியில் இருக்கிறார். அங்கே அவருக்குச் சிலுவை காத்திருக்கிறது. எஞ்சியிருந்த காலமோ சொற்பம். போதிக்க வேண்டியவை எத்தனையோ. அந்தச் சொற்பக் காலத்திலும் குழந்தைகளுக்கு நேரம் இருந்தது. நேரமில்லை என்று கூறியவர்கள் சீடர்கள்தாம். கொப்பிப் பையோடு நின்ற நானும் அந்தச் சீடர்களில் ஒருத்தியாகவே இருந்தேன்.

தாய்மாரே, உங்களுக்குப் புத்தி சொல்ல எனக்குத் தகுதியில்லை. என் வீட்டில் நான் கைக்கொண்டு பயன்கண்ட சிலவற்றை மட்டும் கூறுகிறேன். வேலை முடிந்து வீட்டுக்குள் நுழைந்ததும், முதற் கால்மணி நேரத்தைப் பிள்ளைக்குக் கொடுத்துவிடுங்கள். அடுப்பு அதன்பின் எரியட்டும். கைத்தொலைபேசியை அந்நேரத்தில் எட்டாத இடத்தில் வைத்துவிடுங்கள். பிள்ளை நம் முகத்தைப் பார்க்கும்போது நாம் வேறொன்றைப் பார்த்துக்கொண்டிருந்தால், நாம் வீட்டிலிருந்தும் வெளியூரில் இருப்பவர்களே. தனியாக நேரம் ஒதுக்க இயலாதவர்கள், பிள்ளையை வேலையோடு சேர்த்துக்கொள்ளலாம். அரிசியிற் கல் பொறுக்கவும் கீரை ஆயவும் நான்கு வயதுப் பிள்ளைக்கு மிக விருப்பம். வேலை சிறிது தாமதமாகும். கதை நிறைய நடக்கும். உறங்குமுன் ஒரு கதையும் ஒரு ஜெபமும் போதும். வேறு சமயத்தினர் தத்தம் வழக்கப்படி செய்யலாம்.

தந்தைமாருக்கும் ஒரு சொல். மலையிலும் வீட்டிலுமாக இரண்டு வேலை பார்க்கும் மனைவிக்குப் பிள்ளையோடு இருக்க நேரமில்லை என்றால், அந்த நேரம் எங்கே போயிற்று என்று நீங்களும் தேட வேண்டும். நீங்கள் பீலியிலிருந்து சுமந்து வரும் ஒரு குடம் தண்ணீர், உங்கள் பிள்ளைக்கு அம்மாவின் மடியிற் கால்மணி நேரமாக மாறும்.

களைத்து வந்து, பிள்ளையைப் பார்க்கவும் முடியாமல் உறங்கிவிடும் தாய்மார் இதைக் கேட்டுக்கொண்டிருப்பீர்கள். உங்கள் மனத்தை நோகச் செய்வது என் நோக்கமன்று. என் தாயார் எனக்குக் கொடுத்தது மிகச் சிறிது நேரமே. அதை முழுமையாகக் கொடுத்தார். கூடையைக் கீழே வைத்துவிட்டுக் கொடுத்தார். அது எனக்கு இன்றளவும் போதுமானதாக இருக்கின்றது.

ஆயாவும் இப்போது இல்லை. என் மகன் என்னிலும் உயரமாக வளர்ந்துவிட்டான். பதுளையில் வகுப்பு முடிந்து அவன் மாலையில் வீடு திரும்பும் நேரத்துக்கு வண்டியின் ஊதல் கேட்கிறது. முன்பு அம்மாவுக்காக வாசலைப் பார்த்தவள், இப்போது மகனுக்காகப் பார்க்கிறேன். அவன் உள்ளே வந்ததும், கையிலுள்ளதை எதுவாயினும் கீழே வைத்துவிடுகிறேன்.